ஹமீது பாய் தாளம் போட்ட பாட்டு

ஹமீது பாய் போய்விட்டார். காலையில் நாகூரிலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னது.

"உங்க மெசேஜ் வந்துச்சான்னு வாப்பா நேத்துகூடக் கேட்டாங்க மாமா" என்றது. அவர் கேட்டதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது.

மீதியை இங்கே எழுதுகிறேன். நான் எழுதப் படித்தது இந்த வயதில்தான். ஒரு விரலால் மெதுவாகத்தான் வரும். ஆனால் வருகிறது!

பாய் முத்துப்பேட்டையில் டூரிஸ்ட் படகு ஓட்டினார். நான் அதே படகில் கயிறு பிடிக்கிற ஆள். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் நடவும் அறுப்பும்தான்.

ஒரு குழி நிலம்கூட இல்லாத என்னை "மிராசு" என்றுதான் கூப்பிடுவார். "என்னா மிராசு, நீச்சலாவது தெரியுமா, இல்ல அதுக்கும் ஆள் வச்சிருக்கியா?"

படகின் இன்ஜின் உள்ளே இருக்கும். அதிலிருந்து பின்பக்கம் ஒரு கால் மாதிரி தண்ணீருக்குள் இறங்கும், அதில்தான் படகைத் தள்ளும் விசிறி. அந்தக் காலில் இருக்கும் துவாரங்கள் வழியாகத்தான் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிச் சூடு ஆற்றிக்கொள்ளும்.

ஒரு வருடம் அறுப்பு நேரத்தில் மழை கொட்டியது. வயலில் கிடந்த வைக்கோல் எல்லாம் ஆற்றோடு வந்து கடல் வாயில் மிதந்தது. அன்றைக்குப் படகில் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு.

நடுத் தண்ணீரில் சூட்டு அலாரம் கத்த ஆரம்பித்தது. கீ... என்று ஒரே கத்தல். குழந்தை வீறிடுகிறது. பாய் மட்டும் சிரித்த முகமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"பாய்! பாய்!" திரும்பவே இல்லை.

ஓடிப்போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்தேன், காய்ச்சல் பார்ப்பது போல. இன்ஜின் பக்கம் கையைக் காட்டினேன். சட்டென்று அணைத்துவிட்டார்.

அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தால் துவாரமெல்லாம் வைக்கோல். நான்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். "உன் வயலுதானே மிராசு, நீயே அறு" என்று மேலே இருந்து கேலி வேறு.

நான் பிடுங்கப் பிடுங்க, அவர் படகின் விளிம்பில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். புகையோடு பின்னால் கொட்ட வேண்டிய தண்ணீர் கொட்டவில்லை, சூடு காட்டும் முள் மறுபடி ஏறியது. உடனே அணைத்து, சூடு ஆறும்வரை தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு பம்ப்பைக் கழற்றினார். தண்ணீர் இல்லாமல் ஓடியதில் உள்ளே இருந்த ரப்பர் சக்கரம் இதழ் இதழாகப் பிய்ந்திருந்தது. புதிதைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

இல்லை. பிய்ந்த துண்டுகளை உள்ளங்கையில் அடுக்கிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. குழாய்க்குள் கம்பியை விட்டு அதையும் எடுத்த பிறகுதான் புதிதைப் போட்டார். தண்ணீர் கொட்டியது. குழந்தைகூடத் தூங்கிவிட்டது.

அவர் காது இன்ஜின் சத்தத்திலேயே போய்விட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அலாரம் அடித்தால் நெற்றியில் என் கை.

படகை ஓனர் விற்றுவிட்டார். பாய் மகள் வீட்டுக்கு, நாகூருக்குப் போய்விட்டார். ஒருமுறை தேடிப்போனேன். நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

போனை என் கையில் கொடுத்தார். "எழுது மிராசு, படிச்சுக்கிறேன்."

எனக்கு எழுதத் தெரியாது. இரண்டு பேரும் டீ குடித்தோம்... வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எழுத்துப் படிக்கப் போனேன். முதன்முதலாக "பாய் நல்லா இருக்கீங்களா" என்று அனுப்பினேன். உடனே பதில்: "யாருப்பா நீ? மிராசு போனை எதுக்குத் திருடுன?"

எவ்வளவு சிரித்தேன் தெரியுமா! அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். பேச்சு என்றே சொல்கிறேன்.

போன வாரம் இப்படிக் கேட்டிருந்தார். "வைக்கோல் அடச்ச அன்னிக்குத் தண்ணில நின்னு பாடுனியே மிராசு, இழுத்து இழுத்து... என்னா பாட்டு அது? எழுதி அனுப்பேன். ரொம்ப நாளா தெரிஞ்சுக்கணும்னு ஆசை."

பாய், அது பாட்டே இல்லை. உங்களைத்தான் திட்டினேன்.

"காலெல்லாம் சிப்பி கிழிக்குது, மேல குந்திக்கிட்டுத் தாளமா போடுற? எறங்குய்யா... எறங்கி வந்து நீ அறுய்யா..."

இதுதான் பாய். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டித் தட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் நானும் உங்கள் தாளத்துக்கே திட்ட ஆரம்பித்துவிட்டேன். வைக்கோல் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் திட்டினேன்.

முழுசாக எழுதிவிட்டேன். போயிட்டு வாங்க பாய்.