யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லை

கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லி அம்மாவை அழைத்துப் போய் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். அப்போது அவளுக்கு எண்பத்தெட்டு வயது, எனக்கு அறுபத்தொன்பது. அந்த வயதில் பெற்றவளிடம் பொய் சொல்ல வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு இருந்ததெல்லாம் அவசரம் மட்டுமே.

சேர்த்ததைத் தவறென்று சொல்லவில்லை. அதற்கான காரணங்கள் எல்லாம் உண்மை. அம்மாவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. கேஸைத் திறப்பாள், பற்றவைக்க மறந்துவிடுவாள். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று விழுப்புரம் வீட்டின் குழாயைத் திறந்துவிட்டுக் கூடம் நிறையத் தண்ணீர் விடுவாள். இரண்டு முறை காணாமல் போய், பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ் நிற்கும் இடத்தில் கிடைத்தாள். எங்கள் சொந்த ஊரான வல்லத்துக்குப் போக வேண்டுமாம். அங்கே எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. இரண்டையும் விற்றுத்தான் விழுப்புரத்தில் நான் மாடி வீடு கட்டியிருந்தேன். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவளால் அம்மாவைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓட முடியாது.

சென்னையில் இருக்கும் தம்பி இந்த விஷயத்தில் செய்த உதவியைச் சொல்லாமல் விடக்கூடாது. இன்டர்நெட்டில் தேடி, நான்கு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கிய இல்லங்களை மட்டும் பொறுக்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "நீ நேர்ல போய்ப் பாருண்ணா, உனக்குத்தான் இதெல்லாம் பழக்கம்" என்றான். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பாராட்டில் விழுந்தேன்.

முதலில் பார்த்தது விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒன்று. வரவேற்பறையில் ஏசி, மீன் தொட்டி, சிரிப்புப் பயிற்சி நடக்கும் படம். முதியவர்கள் எங்கே என்று கேட்டேன். "ரெஸ்ட்ல இருக்காங்க சார்" என்றார்கள். காலை பத்தரை மணிக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ரெஸ்டில் இருந்தார்கள். மீன்கள் மட்டும்தான் விழித்திருந்தன.

இரண்டாவது குயிலாப்பாளையம் பக்கம். மண் சுவர், ஓலைக் கூரை, வெறுங்காலோடு நடக்க ஒரு கூழாங்கல் பாதை. அங்கிருந்த பெண், "நாங்க பாரம்பரிய உணவுதான் குடுக்கறோம், தினம் காலையில கேப்பைக் கூழ்" என்று பெருமையாகச் சொன்னாள். என் அம்மா சிறுவயதில் கேப்பைக் கூழைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் வளர்ந்தவள். மகன் உத்தியோகத்துக்குப் போனதும் இனி அந்தச் சட்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லி இட்லிக்கு மாறியவள். பணம் கட்டி அவளைத் திரும்பவும் கூழுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது திண்டிவனத்தில், பிரம்மதேசம் போகிற சாலையில் இருந்தது. நான் போய் நின்ற நேரம் சரியாகப் பன்னிரண்டரை. மணி அடித்தது. முதியவர்கள் எழுந்து வரிசையாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் சேர்ந்து "வணக்கம்" என்றார்கள். வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன், அடித்தல் திருத்தல் இல்லை. கழிப்பறையில் பினாயில் வாசம். ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரியைப் போலத் தலையை ஆட்டினேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்த மணிக்காகத்தான். எண்பத்தெட்டு வயதுக் கிழவியை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதைப் போலச் சேர்த்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. விழுப்புரத்தில் சேர்த்தால் சொந்தக்காரர்கள் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார்கள். திண்டிவனத்துக்கு யாரும் வேலை மெனக்கெட்டு வரமாட்டார்கள்.

மேனேஜர் இளைஞர், நல்ல மாதிரி. "நோயாளியிடம் இடமாற்றம் பற்றி எவ்வாறு தெரிவிக்கப்பட்டது?" என்று ஒரு கேள்வி படிவத்தில் இருந்தது. "உரிய முறையில் எடுத்துரைக்கப்பட்டது" என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அம்மாவிடம் நான் எடுத்துரைத்தது வேறு. "கல்யாணத்துக்குப் போறம்மா, பட்டுப்புடவை கட்டிக்க" என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவள் நம்ப வேண்டும் என்று நானும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். காரில் போகும்போது கேட்டாள்:

"யாரு வூட்டுக் கல்யாணம்டா?"

"நம்ம சொந்தந்தாம்மா."

"பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?"

"பொண்ணு வீடு."

இல்லத்து வாசலில் இறங்கியதும் அவள் அண்ணாந்து பார்த்தாள். "இன்னாடா, வாழமரமே கட்டல?"

"முகூர்த்தம் நாளைக்குத்தாம்மா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உள்ளே உட்கார வைத்து, கையில் காபியைக் கொடுத்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். மனைவியும் காரில் கூட வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "அந்த வேட்டிய அவுத்துட்டு வேற கட்டுங்க, பாக்கவே பிடிக்கல" என்றாள்.

முதல் மாதம் வராமல் இருந்தால் அவர்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். விடுதியில் சேர்க்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு நானும் இதையே சொன்னவன்தான். மூன்றாம் வாரம் போன் வந்தது.

"சார், உங்க மதர் கோ-ஆப்பரேட் பண்ண மாட்டேங்கறாங்க. காபி குடிக்கறாங்க, பிஸ்கெட் குடுத்தா வாங்கிக்கறாங்க. சாப்பாட்டு ஹாலுக்கு மட்டும் வரவே மாட்டேங்கறாங்க. ரொம்ப வெயிட் லாஸ். டாக்டர் மூக்கு வழியா டியூப் போட்டுடலாங்கறாரு. நீங்க வந்து சைன் பண்ணணும்."

தம்பியிடம் சொன்னேன். "அது அந்த நோயோட ஸ்டேஜ்ணா, போட்டுடு. பிராக்டிகலா யோசி" என்றான். பட்டினி அம்மாவுடையது, பிராக்டிகல் அவனுடையது. நான் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா அதே பட்டுப்புடவையில் கூடத்தின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேறு புடவைக்கு மாற்ற விடவில்லையாம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்ற மரியாதையில் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவ்வளவுதான். மகன் என்று தெரியவில்லை.

அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பெண் பிரம்மதேசத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். நாற்பது வயது இருக்கும், வாய் அதிகம். கையெழுத்துப் போட மேனேஜர் அறைக்குப் போன என்னை வழியிலேயே மறித்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. உங்க ஊர்ல சாப்பாட்டுக்கு யாரு வந்து கூப்புடணும்?"

"ஏன்?"

"இந்த ஆயாவோட ஒரே பேஜாரு சார். மணி அடிச்சதும் வாசப்பக்கமே பாத்துகினு இருக்குது. வா ஆயா சாப்புடலாம்னா, 'யாரும் கூப்புடலியே'ங்குது. நான்தான கூப்புடறேன்னா, 'நீ சமையக்கட்டு ஆளு. நீ கூப்புட்டா ஆச்சா? வூட்டுக்காரங்க எங்க?'ன்னுது. எந்த வூட்டுக்காரங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? மேனேஜர் சாரக் கூட்டியாந்து கூப்புட வெச்சேன். 'இந்தப் பையன் போட்டோ புடிக்க வந்தவன்'னுடுச்சி."

பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் போனால் காபியை யார் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கலாம். பந்திக்கு மட்டும் தானாகப் போய் உட்காரக் கூடாது. கல்யாண வீட்டு ஆள் எதிரில் வந்து, கையைக் கூப்பி, "வாங்க, சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும். அழைக்காமல் உட்கார்ந்தவர் சோற்றுக்குப் பறந்தவர். என் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் யாரும் கூப்பிடவில்லை என்று மூன்று மணிவரை பட்டினியாக உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார். அந்தக் குடும்பத்தோடு சாகும்வரை பேசவில்லை. மகன் பெயர், பேரன் பெயர், தன் வீடு எல்லாவற்றையும் மறந்த அம்மா இதை மறக்கவில்லை. மூன்று வாரமாக மானத்தோடு பசித்திருந்தாள். கல்யாணம் என்று நான் சொன்ன பொய் அங்கே ஒருவருக்கும் தெரியாது. படிவத்தில்தான் உரிய முறையில் எடுத்துரைக்கப்பட்டிருந்ததே.

நான் கையெழுத்துப் போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். படித்தவர்களுக்கு இப்படித்தான் தாமதமாக உண்மை மேல் பக்தி வரும். அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, இங்க கல்யாணம் எதுவும் இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக மார்பில் கை வைத்தாள்.

"நின்னு போச்சா?"

"இல்லம்மா, கல்யாணமே—"

"ஐயோ, கடைசி நேரத்துல நிறுத்திட்டானுங்களா? பொண்ணு எங்க? அழுவுதா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மனச உட்றாதீங்க. பொண்ணப் பெத்தவரு நீங்களே இடிஞ்சி போனா அது இன்னா பண்ணும்?"

என் அம்மா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் கொடுத்த காபியையும் அவள் தொடவில்லை. கல்யாணம் நின்றுபோன வீட்டில் கை நனைக்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து அந்தப் பட்டு வேட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"பொய் சொல்றதுக்குக் கட்டிக்கினு போனீங்க இல்ல? அதையே கட்டிக்கினு போய்ப் பந்திக்குக் கூப்புடுங்க. துண்டும் போட்டுக்குங்க. கைய ஒழுங்கா கூப்புங்க, அசெம்பிளில நிக்கற மாதிரி நிக்காதீங்க."

பட்டு வேட்டியும் துண்டுமாகத் திண்டிவனம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். "எங்க சார், விசேஷமா?" என்றார் கண்டக்டர். "ஆமாம், பொண்ணுக்குக் கல்யாணம்" என்றேன். எனக்குப் பெண் பிள்ளையே கிடையாது.

முதலில் அம்மாவிடம் போய், வேறு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, நல்ல இடம், முகூர்த்தம் நாளைக்கு என்று சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எல்லாரும் வரிசையாகப் போனார்கள். நான் அவள் எதிரில் நின்று, குனிந்து, இரண்டு கையையும் கூப்பினேன்.

"வாங்க. சாப்பிட வாங்க."

அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. முறைத்தாள்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துதா?"

"மன்னிச்சிக்குங்க. வேலைல மறந்துட்டேன்."

"கூப்புட்டு வெச்சிட்டு மறந்துட்டேன்னா? நாங்க இன்னா சோத்துக்கா வந்தோம்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். சாம்பார் தண்ணீராக இருக்கிறது, சம்பந்தி வீட்டார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று என்னைக் கடிந்துகொண்டாள். ரசம் இரண்டாம் முறை கேட்டாள்.

மறுநாள் ஒரு சிக்கல். அங்கே ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு ஒருவர் இருந்தார். வரிசையில் போனவர் நின்றுவிட்டார். "ஏன்யா, அந்தம்மாவ மட்டும் கையெடுத்துக் கூப்புடற, நாங்கல்லாம் இன்னா ஓசிச் சோறா? கூப்புட்டாத்தான் வருவேன்" என்றார். அவருக்கு மறதி நோய் எதுவும் இல்லை. அவரைக் கூப்பிட்டேன். அவருக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டேன். கடைசியில் அங்கிருந்த நாற்பது பேரையும் தனித்தனியாகக் கை கூப்பி அழைக்க வேண்டியதாயிற்று. மணி அடிப்பதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். எந்த மணிக்காக அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்தேனோ அது இப்போது சும்மா தொங்குகிறது.

காலையும் இரவும் காபி பிஸ்கெட், மதியம் பந்தி என்று நான்கு மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு தேறியது. டியூப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிறகு மனைவியும் நானும் கலந்து பேசி, பகலில் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டு அம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்துவிடுவது என்று முடிவெடுத்தோம். கீழறையைத் தயார் செய்தோம். கார் எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"முகூர்த்தம் ஆவலியே. தாலி கட்டறதுக்கு முன்ன எழுந்து போனா நல்லா இருக்குமா?"

"தாலி கட்டியாச்சு."

"நான் பாக்கலியே. மேளச் சத்தமே கேக்கல, தாலி கட்டிட்டாங்களாம்" என்று பக்கத்து நாற்காலி அம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள். கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். கூச்சல் போட்டு அழுதாள். கல்யாண வீட்டிலிருந்து விருந்தாளியைத் துரத்துகிறார்கள் என்றாள். ஏட்டு எழுந்து வந்து என் கையை எடுத்துவிட்டார். வெறும் காரோடு விழுப்புரத்துக்குத் திரும்பினேன். அதன் பிறகு இரண்டு முறை முயன்றேன், அதே கதைதான்.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. தினமும் பஸ்ஸில் போகிறேன். காய்ச்சலில் இரண்டு நாள் போகாமல் இருந்தபோது அம்மா இரண்டு நாளும் சாப்பிடவில்லை. அதனால் காய்ச்சலோடும் போகப் பழகிக்கொண்டேன். அவள் மன்னித்தாளா என்று கேட்கிறார்கள். யாரை மன்னிக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. மகனைப் பற்றி ஒரு முறைகூட அவள் கேட்டதில்லை.

போன வாரம் புதிதாக ஒரு பாட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவரை என்ன சொல்லி அழைத்து வந்தார்களோ தெரியாது, பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டு, என்னைக் காட்டிச் சொன்னாள்:

"இவருதான் பொண்ணுக்கு அப்பா. கூப்புடுவாரு, இரு. தங்கமான மனுஷன். மறதிதான் ஜாஸ்தி."