இருநூற்று நாற்பத்தெட்டு வீடும் இருபத்தொரு நிமிடமும்

மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரமாக உள்ள தோப்புக்குடியிருப்பில் வீடுகள் இருநூற்று நாற்பத்தெட்டு. நான்கு நாளைக்கு ஒருமுறை குடிநீர் வரும். எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தொண்ணூறு நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும். வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீர் வந்திருப்பதை ஊருக்குச் சொல்வது சம்சுன் நிஹாரின் வேலை. நாற்பத்தாறு வயது, கணவர் இல்லை, வேலையும் நிரந்தரமில்லை.

குழாயைத் திறந்தே வைத்திருந்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த ஊரில் தண்ணீர் மேலே ஏறாது. ஒவ்வொரு வீட்டிலும் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள்தான் குழாய் வைத்திருக்கிறார்கள். திறந்து விட்டுவிட்டுப் போனால் குழி நிரம்பிச் சேறு குழாய்க்குள் போய்விடும். ஆள் இறங்கி நின்று பிடிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்றும் உண்டு. ஆனால் அதில் இருக்கும் போன்களில் பாதி துபாயிலும் சவுதியிலும் இருந்தன, மீதியில் பாதி கடலில் இருந்தன. வீட்டில் இருக்கும் பெண்களிடம் பட்டன் போன்தான்.

ஆகவே சம்சு சைக்கிளில் போய் ஒவ்வொரு வாசலிலும் மணியடித்துச் சொல்வாள். வீட்டுக்கு அரை நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் இருபது வீடு, இருபது நிமிடத்தில் நாற்பது, அரைமணியில் அறுபது. தொண்ணூறு நிமிடம் முடியும்போது நூற்று எண்பதாவது வாசலில் நிற்பாள். மீதி அறுபத்தெட்டு வீட்டிலும் குடம் காலி. மேற்கிலிருந்து தொடங்கினால் கடற்கரைத் தெரு திட்டும், கடற்கரையிலிருந்து தொடங்கினால் மேலத்தெரு திட்டும். தொடங்கும் இடம் மாறினாலும் அறுபத்தெட்டு மாறவில்லை. 2024 மே மாதம் ஊராட்சித் தலைவர் மணிமேகலை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஜூன் மாசத்துக்குள்ள இது சரியாகலைன்னா வால்வுச் சாவியை மோட்டார் போடுற அருண்குமார்ட்டயே குடுத்துருங்க. அந்தத் தம்பிகிட்ட பைக் இருக்கு." அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஜூன் இரண்டாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, ரேஷன் கடை வரிசையில், ஆப்பக்கடை பவுசியாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்: "கொல்லையில நிக்கிற முருங்கையை வெட்டப் போறேன், பவுசியா. காய் வேணும்னா வந்து பறிச்சுக்க."

அரிசி வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது பத்தேமுக்கால். வாசலில் பதினாலு பெண்கள் துரட்டியோடு நின்றார்கள்.

வேறு யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லையென்றால் கோபப்பட்டிருப்பார்கள். சம்சு ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என்ன லாத்தா, போலீஸு மாதிரி கேக்குறீங்க. காய் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் பவுசியா.

"காய் இருக்கு. மரத்துக்குப் போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிட்டுப் போங்க. நீ யாருக்குச் சொன்னே?"

பவுசியா சொன்னது மூன்று பேருக்கு. அதில் ஒருத்தி யாருக்கும் சொல்லவில்லை. மற்ற இருவரில் ஒருத்தி இரண்டு பேருக்கும், இன்னொருத்தி நான்கு பேருக்கும் சொல்லியிருந்தார்கள். மீதி நாலு பேர் அந்த ஆறு பேரிடம் கேட்டு வந்தவர்கள். சம்சு கோடு போட்டு இணைத்துப் பார்த்தாள். சுமாராக ஆளுக்கு இரண்டு. அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது, யாரும் ஓடவும் இல்லை, சைக்கிள் மிதிக்கவும் இல்லை. இது எப்படி?

காய் பறித்து எல்லோரும் போனபின் நோட்டில் இரண்டு வரிசை எழுதினாள். முதலாவது அவளுடைய சைக்கிள்: 20, 40, 60, 80. ஒவ்வொரு அடிக்கும் இருபது கூடுகிறது. இரண்டாவது முருங்கைக்காய்: 2, 4, 8, 16, 32, 64, 128. ஒவ்வொரு அடியும் இரண்டால் பெருகுகிறது. பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை என்று இரண்டுக்கும் பெயர் படித்திருந்தாள். கணக்கில் நாற்பத்தொரு மதிப்பெண். அன்றைக்கு அவை பலகையில் எழுதிய எழுத்துகள். இன்று ஒன்று அவளாக இருந்தது, மற்றது பவுசியாவாக இருந்தது.

முதல் நாலு அடியில் பெருக்குவது ஏழையாகத்தான் தெரிந்தது. சைக்கிள் எண்பதில் நிற்கும்போது அது பதினாறில் நின்றது. ஏழாவது அடியில் நூற்று இருபத்தெட்டு. எல்லாவற்றையும் கூட்டினாள்: இருநூற்று ஐம்பத்து நாலு. ஊரில் இருப்பதைவிட ஆறு வீடு கூடுதல். இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டும் நாலும் எட்டும் சேர்ந்தால் பதினாலு, அடுத்து வருவது பதினாறு. எங்கே நிறுத்திக் கூட்டினாலும் அடுத்த எண்ணுக்கு இரண்டு குறைந்தது. ஏன் என்று தெரியாமல் அதையே ஐந்தாறு முறை போட்டுப் பார்த்தாள். உலையில் சோறு குழைந்துபோனது.

ஒரு வீட்டுக்குச் சொல்லி, அவர்கள் இரண்டு வீட்டுக்குப் போன் போட மூன்று நிமிடம். ஏழு அடிக்கு இருபத்தொரு நிமிடம்.

வீடுகளுக்கு வரிசை எண் கொடுத்தாள். தான் ஒன்று, ஊர் இரண்டு முதல் இருநூற்று நாற்பத்தொன்பது வரை. யார் யாருக்குச் சொல்வது என்பதற்கும் சுருக்கமான வழி கிடைத்தது: தன் எண்ணை இரட்டித்தால் ஒரு வீடு, அதோடு ஒன்றைக் கூட்டினால் மறுவீடு. மூன்றாம் எண் ஆறுக்கும் ஏழுக்கும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வீட்டின் போன் நம்பரோடு வீட்டுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

தவறு நடந்தது எண் கொடுத்ததில். அந்த ஊரில் கல்யாணப் பத்திரிகையானாலும் கந்தூரிச் சோறானாலும் முதலில் பெரிய வீட்டுக்குத்தான் போகும். சம்சுவும் கை பழகியபடி எழுதிவிட்டாள். இரண்டாம் எண் படகுக்காரர் ராஜா முகமது. மூன்றாம் எண் முன்னாள் வார்டு உறுப்பினர் சோலையப்பன்.

ஜூன் பத்தாம் தேதி காலை 7.05-க்குத் தண்ணீர் வந்தது. இருவருக்கும் போன் போட்டாள். ராஜா முகமது வீட்டில் மருமகள் சீட்டைப் பார்த்து உடனே இரண்டு வீட்டுக்குச் சொன்னாள். சோலையப்பன் "சரிம்மா" என்று சொல்லி, எட்டுக் குடம் பிடித்து, குளித்துவிட்டு, செய்தித்தாளை விரித்தார்.

அவருக்குக் கீழே சங்கிலியில் இருந்தவை நூற்று இருபது வீடுகள். அக்கம்பக்கத்துக் குடச் சத்தம் கேட்டுப் பதினொரு வீடு பிடித்துக்கொண்டது. மீதி நூற்று ஒன்பது வீட்டுக்காரர்களும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"அறுபத்தெட்டுன்னு கூப்பிட்டுச் சொன்னேன். அதை நூத்தி ஒம்பதாக்கிட்டு வந்து நிக்கிறீங்க" என்றார் மணிமேகலை. "பதினாலாந் தேதி ஒரு தடவை பாப்பேன். அவ்வளவுதான்."

சம்சு நேரே சோலையப்பன் வீட்டுக்குப் போனாள்.

"ஆறுக்கும் ஏழுக்கும் சொல்லலையாண்ணே?"

"நான் எதுக்கும்மா சொல்லணும்? முதல்ல எனக்குச் சொன்னது மரியாதைக்குத்தானே. கோயில்ல பரிவட்டம் கட்டினா, அதை அவுத்து அடுத்தவனுக்கா கட்டிவிடுறோம்?"

சம்சு வாசலை விட்டு இறங்கினாள். திரும்பும் வழியெல்லாம் அந்த நூற்று இருபதுதான் மனதில் ஓடியது. சைக்கிளில் போனபோது ஒரு வாசல் தவறினால் ஒரு வீடுதான் கெடும். இதில் மேலே ஒரு கண்ணி அறுந்தால் பாதி ஊர் போய்விடுகிறது. பெருகுகிற வேகத்திலேயே அறுகிறது. அப்படியானால் கீழே அறுந்தால்?

நோட்டை எடுத்தாள். இருநூற்று நாற்பத்தொன்பதோடு ஊர் முடிகிறது. நூற்று இருபத்தைந்தை இரட்டித்தால் இருநூற்று ஐம்பது, அப்படியொரு வீடே இல்லை. ஆக நூற்று இருபத்தைந்து முதல் கடைசி வரை யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தாள்: நூற்று இருபத்தைந்து வீடு. ஊரில் பாதிப்பேருக்கு வேலையே கிடையாது. காது கேளாதவர்கள், போனை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள், மரியாதை பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அங்கே இடம் இருந்தது.

புதிய வரிசையில் இரண்டாம் எண் ஆப்பக்கடை பவுசியா, மூன்றாம் எண் மீன் விற்கும் அடைக்கலமேரி. "எங்க ரெண்டு பேரையும் ஊர்வாயின்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க, இப்பத் தேவைப்படுதோ" என்று அடைக்கலமேரி கேட்டாள். "அந்த வாய்க்குத்தான் எண் குடுத்திருக்கேன்" என்றாள் சம்சு.

பெரிய வீடுகளுக்குச் சொல்வதுதான் மிச்சம். சோலையப்பன் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இருநூத்தி நாப்பத்தொம்பதா?"

"ஆமாண்ணே. தண்ணி வந்து இருபது நிமிசம் கழிச்சுத்தான் சொல்லுவாங்க. அப்பவும் ஒங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தண்ணி ஓடும்."

"எனக்குப் பின்னாடி யாரு?"

"யாருமில்லை. நீங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒங்களுக்குத்தான் சொல்லுவாங்க."

சோலையப்பன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்" என்றார்.

பதினாலாம் தேதி 9.40-க்குத் தண்ணீர் வந்தது. சம்சு இரண்டு போன் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டி வால்வருகே நின்றாள். எல்லோரும் ஓடுகிற நேரத்தில் நிற்பது அவளுக்குப் புதிது. மூன்றாவது நிமிடம் ஒன்றுமில்லை. ஆறாவது நிமிடம் எங்கோ ஒரு குடம் உருண்டது. பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு எந்தச் சத்தம் எந்தத் தெரு என்று பிரிக்க முடியவில்லை. 10.02-க்கு எதிரே ஊராட்சி அலுவலக வாசலிலிருந்து மணிமேகலை, "சோலையப்பன் வீட்டுலயும் குழியில எறங்கிட்டாங்களாம்" என்றார்.

ஆனால் மாலைக்குள் இரண்டு வீட்டிலிருந்து புகார் வந்தது, 166, 167. இவர்களுக்குச் சொல்ல வேண்டிய 83-ஆம் வீட்டுக்காரி பல்வலி என்று மணமேல்குடிக்குப் போயிருந்தாள்.

"ரெண்டுதானே. சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் மணிமேகலை. ஜூலை மாதச் சம்பளப் பட்டியலில் சம்சுவின் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சம்சு தன் வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முதலில் 166-க்குப் போனாள். அந்த வீட்டுப் பெண் குடத்தை இறக்கிக்கொண்டே, "எனக்கு யாருமே சொல்லலையே லாத்தா" என்றாள்.

"தெரியும். சரி, போன் வராத அன்னிக்கு யாராவது கொல்லையில நின்னு சத்தம் போட்டா, ஒனக்கு எந்த வீட்டுல இருந்து கேக்கும்?" என்று கேட்டுவிட்டு, சம்சு நோட்டைப் பிரித்தாள்.