ஊசல் சாரின் கை

என் வீட்டுக்காரர் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், காய்ச்சல் இப்போதுதான் இறங்கியது என்று சத்தியம் செய்வார். ஆனால் அவர் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் கேட்டுப்பாருங்கள். ஊசல் சார் என்றால் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மரியாதை.

காரணம் ஓர் இரும்புக் குண்டு. இயற்பியல் ஆய்வகத்தின் கூரைக் கொக்கியில் கம்பி கட்டி அதைத் தொங்கவிட்டிருக்கிறார். வருடத்தின் முதல் வகுப்பில், சுவரில் தலையை ஒட்டி நின்றுகொண்டு, குண்டை மூக்கு நுனி வரை இழுத்துப் பிடித்துக் கையை எடுத்துவிடுவார். அது அறையின் மறுகோடி வரை போய், அவர் முகத்தைப் பார்த்தே திரும்பி வரும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். குண்டு மூக்குக்கு முன்னால் ஒரு கணம் நின்று, வந்த வழியே போய்விடும். கிளம்பிய உயரத்துக்கு மேல் அதனால் ஏற முடியாது. ஏறுவதற்கான ஆற்றலை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. குண்டைத் தள்ளக் கூடாது, நிற்கிறவர் அசையக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் இவர் இமைகூட ஆடியதில்லையாம்.

இப்பேர்ப்பட்ட வீரர்தான் விமானத்தில் ஏறமாட்டேன் என்றார்.

கடல் தாண்டி இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு அது பிரசவ மாதம். "ரெண்டு பேரும் வந்தாதாம்மா எனக்குத் தைரியம்" என்று போனில் அழுதாள். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விமானம் எப்படிப் பறக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அதெல்லாம் சரிதான். ஆனா ஓட்டுறவர் யாரு, என்னன்னு தெரியலையே. குண்டுன்னா அது என் கையில இருக்கு, நானே விடுறேன்."

"அப்போ நீங்க நம்புறது இயற்பியல் விதியை இல்ல. உங்க கையைத்தான்."

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் நான் அடுத்ததைச் சொன்னேன். "நாளைக்கு லீவுதானே. அந்தச் சுவர்ல நான் நிக்கிறேன், நீங்க குண்டை விடுங்க. நான் அசையாம நின்னுட்டா, நீங்க டிக்கெட் போடணும்."

குக்கர் விசிலடித்தாலே துள்ளுகிறவள் நான். அந்தத் தைரியத்தில்தான் மனுஷன் உடனே சரி என்றார்.

மறுநாள் ஆய்வகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. முக்காலிகளை மேசைகள் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் சுவரில் தலையை ஒட்டி நின்றேன். குண்டை என் மூக்கருகே கொண்டுவந்தார். சில்லென்று இரும்பு வாடை. உடனே என் மூக்கிலிருந்து ஒரு விரற்கடை விலக்கிப் பிடித்தார்.

"ஏன் தள்ளி வைக்கிறீங்க?"

"காத்துத் தடை இருக்குல்ல."

"தடை இருந்தா இன்னும் முன்னாடியே நின்னுடுமே. வாரா வாரம் சாப்பிடும்போது இதைத்தானே சொல்றீங்க."

இன்னும் ஒரு விரற்கடை தள்ளினார். "இப்படியே போனா பக்கத்து கிளாஸுக்குப் போயிடுவீங்க, விடுங்க" என்றேன்.

விட்டார். குண்டு மறுகோடிக்குப் போனது, திரும்பியது. தூரத்தில் எலுமிச்சை அளவு தெரிந்தது கிட்டே வர வர வளர்ந்துகொண்டே வந்தது. எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றேன்.

திடீரென்று இவர் பக்கத்திலிருந்து பாய்ந்து, என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் கையை நீட்டினார். வேகமாக வந்த குண்டு அந்தக் கைமேல் மோதி, கோணலாகத் திரும்பிப் போனது. இவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடுவிரல் எலும்பில் விரிசல். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். அந்த வலியிலும் இவருக்கு விதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "குண்டு மேல தப்பில்ல டாக்டர். கிட்ட வர வர வேகம் குறைஞ்சு தானா நின்னிருக்கும். அது நிக்கிறதுக்கு முன்னாடியே நான் குறுக்கே கையை விட்டுட்டேன்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சார் விட்டீங்க?"

இவர் கையில் போட்ட கட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஜாடையாக, "யாரு அசைஞ்சது?" என்று மட்டும் கேட்டேன். வீடு திரும்பும் வழியிலேயே இடது கையால் போனைத் தடவித் தடவி டிக்கெட் போட்டுவிட்டார்.

விமானம் கிளம்பியதிலிருந்து அவர் கண்ணைத் திறக்கவில்லை. சாப்பாடு வந்தது, போனது. நான் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன். மகள் ஊரில் சக்கரம் தரையைத் தொட்டதும் விமானி பிரேக் பிடித்தார். ஓடுகிற உடம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கப் பார்க்கும் என்று இவர் சொல்வாரே, அதேபோல எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். அப்போது என் நெஞ்சுக்கு முன்னால் அந்தக் கட்டுப் போட்ட கை வந்து நின்றது.

"பெல்ட் போட்டிருக்கேங்க" என்றேன்.

"தெரியும்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

விமானம் முழுசாக நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.