இடது பின்சக்கரத்துப் பிரேக்

வண்டிக்காரியின் கொழுந்தன் அவளுக்கு நாற்பதாயிரம் தரவேண்டும். கடை வைக்கிறேன் என்று வாங்கிப்போனவன் கடையும் வைக்கவில்லை, காசும் திருப்பவில்லை. கேட்டால் பல்லைக் காட்டுவான். எல்லாரும் அவனை மைனர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வண்டிக்காரி படித்தது மூன்றாம் வகுப்பு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, நகையை விற்று முன்பணம் கட்டி, வாடகைக்கு ஓட்ட ஒரு காரைத் தவணையில் எடுத்தாள். மெக்கானிக்குக்குச் சல்லிக்காசு அழுததில்லை. அவளைப்போல் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க அந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை இருந்தால் வரச்சொல்லுங்கள், பார்க்கலாம். ஆனால் மூன்று மாதத் தவணை நின்றுபோயிருந்தது. திங்கட்கிழமை கட்டாவிட்டால் காரை இழுத்துப்போவோம் என்று கடன் கொடுத்த கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பின் பிரேக் ஷூ மாற்ற உட்கார்ந்தாள். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் ஷூவை மூடியிருக்கும் இரும்புச் சட்டியான டிரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுத்தியலால் நாலு சாத்து சாத்தினாள், கழன்று விழுந்தது. புது ஷூ இரண்டையும் ஸ்பிரிங்கில் கோத்து மாட்டி, ஒன்றின் கீழ்முனையை அடியிலுள்ள இரும்புக் கட்டையில் உட்காரவைக்க ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மைனர் வந்து நின்றான், கையில் நோட்டுக் கட்டோடு.

"அண்ணி, அறுபதாயிரம் ரொக்கம். நாளைக்கு எவனோ இழுத்துட்டுப் போறதுக்கு, சாவியை எங்கிட்டக் குடுங்க."

"அதுல நாற்பது என்னோடது. மிச்ச இருபதுக்கு ரெண்டு டயர் வாங்கி உருட்டிக்கிட்டுப் போ."

"அந்தக் கணக்கெல்லாம் அண்ணனோட போச்சு."

"செத்தது உங்கண்ணன். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"ஏய்!" என்று டிரம்மை எட்டி உதைத்தான். அது உருண்டுவந்து அவள் முழங்காலில் மோதியது. நெம்பிய கையை எடுக்காமலே, இடது கையால் வீல் ஸ்பேனரைத் தூக்கி அவன் கணுக்காலில் ஒன்று போட்டாள். அவன் அலறிக்கொண்டு அவள் தலைமுடியைப் பிடித்து, நெற்றியைக் கார்க் கதவில் மோதினான். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அப்போதும் ஸ்குரூ டிரைவரை விடவில்லை அவள்.

"இதைப் பிய்ச்சு எறிஞ்சா எதை ஓட்டுவே?" என்று குந்தி, ஷூவின் கீழே வலது கையை நுழைத்தான்.

கை நழுவிவிட்டது என்று பிறகு யாரிடமும் அவள் சொன்னதில்லை. பார்த்துத்தான் ஸ்குரூ டிரைவரை உருவினாள்.

ஸ்பிரிங் இழுத்தது. ஷூ 'டக்'கென்று இறங்கி, இரண்டு விரலைக் கட்டையோடு சேர்த்துக் கவ்வியது. நகம் பிளந்தது. கையை உருவப்பார்த்தான், இன்னும் ஆழமாகக் கடித்தது. இடது கையால் அவள் முகத்தில் குத்தினான். அவள் ஷூவின் மேல் காலை வைத்து ஒரு மிதி மிதித்தாள்.

மதில்மேல் பக்கத்து வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. "அக்கா, போலீசைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு, சாட்சிக்கு ஆச்சு. அதுக்குள்ள இவன் நாற்பதை எண்ணி முடிச்சிருவான்."

"அண்ணி... எடுங்க அண்ணி... உயிர் போகுது!"

"இப்ப அண்ணியா? எண்ணு. நெம்புறதுக்கு ஸ்குரூ டிரைவர் எங்கிட்டத்தான் இருக்கு."

"அறுபதையும் எடுத்துக்கங்க!"

"உன் காசு எனக்கெதுக்கு? என் காசைக் குடு."

கீழே விழுந்து கிடந்த நோட்டுக் கட்டை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இடது கையால் ஐநூறு நோட்டுகளை இரண்டிரண்டாக உருவினான். அவசரத்தில் முதல் நோட்டு கிழிந்தது. "வேற" என்றாள். வேறு உருவினான். எச்சில் தொட விரலை வாய்க்குக் கொண்டுபோனால் அழுகை முட்டியது. கிரீஸும் ரத்தமும் பூசிய உள்ளங்கையை விரித்து அவன் மூக்குக்குக் கீழே நீட்டியிருந்தாள் வண்டிக்காரி. அந்தக் கை கொஞ்சமும் ஆடவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று அவன் விசும்பிக்கொண்டே சொல்ல, நாற்பதாவது ஆயிரமும் அதில் வந்து விழுந்தது.