பக்கவாட்டுப் படம்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'ரெண்டு பக்கம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறார். கையோ காலோ, முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். ஒன்றே போதும் என்று அவசரப்படுத்துகிற டாக்டரிடம்கூட, "எலும்பு ஒரு பக்கம் மட்டும் பாத்தா பொய் சொல்லும் சார்" என்பார்.

ஜெபத்திலும் அக்கா இப்படித்தான். கேள்வி கேட்காமல் அவருக்கு ஆமென் வராது. நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைக்கிறவர்கள் அக்காவிடம் ஒரு மணிநேரம் பேசிப் பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்டவரே ஒரு புதன்கிழமை சறுக்கினார். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கல்லறைத் தோட்டத்துக் கல் சிலுவை, அதன்மேல் சுத்தியலை ஓங்கியபடி ஒரு கொத்தனார். வேறு சாமி கும்பிடுகிறவர். 'நம் சிலுவையை உடைக்கிறான், பகிருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. அக்கா நாற்பத்தொரு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை படத்திலிருந்த அதே முகம் எக்ஸ்ரே அறைக்குள் வந்தது, வீங்கிய மணிக்கட்டோடு. அக்கா கையைத் தட்டில் வைத்துப் படம் எடுத்தார். எலும்பு ஒழுங்காகத்தான் தெரிந்தது. கையைத் திருப்பி வைத்து இன்னொன்று எடுத்தார். முறிவு பளிச்சென்று தெரிந்தது.

எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு வீட்டுல ஏணில நின்னு பூசிட்டிருந்தேம்மா. சிலுவைய ஒடச்சவன்னு சொல்லித் தட்டிவிட்டுட்டாங்க. போன்ல வந்துச்சாம்."

ஈயக் கவசத்துக்குள் அக்காவுக்கு வியர்த்தது. ஒரு மனிதனின் கையை உடைக்க இன்னொருவரின் ஒரு விரல் போதும் என்றாகிவிட்டது. அந்த விரல்களில் ஒன்று தன்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. முதலில் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். படம் எடுத்த இடம் சாலையோரம்தான் என்று கண்டுபிடித்து அங்கே நின்று பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய் நின்றார். சிலுவைக்கு ஒரு முழம் பின்னால், அது சாயாமல் தாங்க முட்டுக்கட்டை ஒன்று நின்றது. அதில் அடித்த ஆப்பின் தலை சுத்தியல் பட்டு நசுங்கியிருந்தது. சிலுவையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

மழையில் சாய்ந்த சிலுவை யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று பயந்து, கொத்தனாரைக் கூப்பிட்டதே தான்தான் என்றார் தோட்டத்துக் காவல்காரர். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார்.

"யாரும் என்னைக் கேக்கலையேம்மா."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொத்தனார்மேல் போலீசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவைச் சபைச் செயலாளர் வாசித்தார். கையெழுத்துப் போட வரிசை சேர்ந்தது. அக்கா எழுந்து, அந்தப் படத்தை நாற்பத்தொரு பேருக்கு அனுப்பியவள் நான் என்றார். தோட்டத்தில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எல்லாம் எழுதி முடிச்சாச்சுக்கா. இப்பப் போய் ரெண்டு பக்கமும் பாக்கணுமா?" என்றார் செயலாளர். சிலர் சிரித்தார்கள்.

"ஒடஞ்சது சிலுவை இல்ல தம்பி. ஒரு மனுசன் கை. அத நான்தான் படம் எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. போதகர் மனுவை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் நாலைந்து பேர் அக்காவிடம் முகம் கொடுக்காமலே வெளியேறினார்கள்.

அன்று மாலை அக்கா கொத்தனார் வீட்டு வாசலில் நின்று, அனுப்பியது நான்தான் என்றார். அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். கொத்தனார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் படத்தக் காட்டுங்கம்மா. நான் இன்னும் பாக்கவே இல்ல" என்றார்.

காட்டினார். கொத்தனார் உற்றுப் பார்த்தார்.

"இப்பிடிப் பாத்தா, நானே ஒடைக்கிற மாதிரிதான் இருக்கு." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அனுப்புனவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"பத்தொன்பது பேருக்குச் சொல்லிட்டேன்."

"மிச்சப் பேருக்கும் சொல்லிட்டு உள்ள வாங்க. இங்க சிக்னல் இருக்காது, தெருவுல நின்னு பேசுங்க."

அக்கா தெருவில் இறங்கி இருபதாவது எண்ணை அழுத்தினார்.