பிடுங்கிய கை

கல்வராயன் மலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலராக நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பானேன் என்று செல்லம்மா அக்காவின் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்க உட்கார்கிறேன். தூறல் போடுகிறது. ஒரு வரிசை முடிந்ததும் பின்னால் வந்த அக்கா அப்படியே நின்றுவிடுகிறார்.

“இன்னா சார், புல்ல வுட்டுட்டு கேவுர புடுங்கிப் போட்டுக்கினு வர்றீங்க?”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. அவர் வீட்டுக்கோ வருஷம் முழுக்கக் களி இதில்தான். கூசிப்போய் எழுந்துகொள்கிறேன்.

“எங்க கெளம்பிட்டீங்க? மண்ணு ஈரமாத்தான் கீது. புடுங்குன கையே நடட்டும். கை பழகணும்னா காலு தங்கணும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க.”

சொலவடை கேட்டால் உடனே நோட்டில் குறித்துக்கொள்கிற ஆள் நான். இப்போது கையெல்லாம் சேறு. வாடத் தொடங்கிய நாற்றுகளை ஒவ்வொன்றாக ஊன்றுகிறேன். அக்கா பக்கத்தில் குந்தி, நான் விட்டுவந்த புல்லைக் கொத்துகிறார்.

“எப்போ ஊருக்கு?”

“வெள்ளிக்கிழமைக்கா. சின்னசேலத்துல ரயில்.”

“வேரு புடிக்க ஒரு வாரம் ஆவும்,” என்கிறார், புல்லிலிருந்து கண்ணெடுக்காமல்.

இன்னும் நாலைந்து நாற்று நடுகிறேன். பிறகு, டிக்கெட்டை மாற்றணும், இந்த மலையில் போனுக்கு எங்கே சிக்னல் கிடைக்கும் என்று அவரிடமே கேட்கிறேன்.