பூச்சு வேலை முடியாத கோயில்

மருமகன் பின்வளவில் பழைய செங்கற்களைக் கொண்டுவந்து குவித்திருக்கிறார். இடித்த வீட்டுச் செங்கல்லைத் தேடிப் போய் வாங்குவதுதான் இப்போதைய நாகரிகம். நடைபாதை போடப் போகிறாராம். சனிக்கிழமை காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கலவையைத் தட்டி உதிர்த்து, குழாயால் தண்ணீர் அடித்தார். நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். வயதானவர்களுக்கு இந்த நாட்டில் மிச்சமிருக்கும் உத்தியோகம் அதுதான். நனைந்த பழஞ்செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு வாசனை எழும்பியது. அதற்குப் பிறகு மருமகன் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்ணில் நாங்கள் குடியிருந்த தெருமுனைக் கோயிலின் வாசனை அது. கோயில் என்று நான் சொல்வது அங்கிலிக்கன் தேவாலயத்தை. யாழ்ப்பாணத்தில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், அதையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். என் மனைவி நேசம் வேதக்காரி, நான் சைவக்காரன். எங்கள் கலியாணத்துக்கு வராமல் விட்டவர்களை வைத்து இன்னொரு கலியாணம் நடத்தியிருக்கலாம். இப்போது சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் சேர்த்துப் பெரிய கோயில் நிற்கும் கேரம் டவுன்ஸ் பக்கம், அந்தக் காலத்தில் சிவன் கோயிலும் இல்லை, விஷ்ணு கோயிலும் இல்லை. என் பிள்ளையார் குசினித் தட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவளுக்காவது நடந்து போகும் தூரத்தில் ஒரு கோயில் இருக்கட்டும் என்றுதான் அந்தத் தெருவில் வீடெடுத்தோம்.

நான் நகரத்தில் ஒரு கட்டிடக்கலைஞரின் அலுவலகத்தில் படம் வரைபவனாக இருந்தேன். ஆகவே கொஞ்சம் அலட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்துக் கோயில். கபிலச் சிவப்புச் செங்கல் சுவரில், இடையிடையே வெண்ணிறச் செங்கல்லால் பட்டை ஓடும், சேலைக்குக் கரை போட்டது மாதிரி. யன்னல்கள் ஒடுங்கி உயர்ந்து உச்சியில் கூராக முடியும். அந்தக் கூர் வளைவிலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். சுவர் வெளியே சரியாமல் தடித்த முட்டுகள் வரிசையாக நிற்கும். மேலே செங்குத்தான கற்பலகைக் கூரை. அண்ணாந்து பார்த்தால் அதைத் தாங்கும் மரச் சட்டங்கள் அப்படியே தெரியும், ஒளிவு மறைவு கிடையாது. கட்டியவர்கள் எதையும் மூடி மறைப்பதைப் பாவமாக நினைத்தவர்கள். உள்ளே கூடச் சுவருக்குச் சாந்து பூசவில்லை, வெறும் செங்கல்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வாசல்வரை துணைக்குப் போனேன். நேசம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்.

"பூச்சு வேலை இன்னும் முடியேல்லைப் போல கிடக்கு. பாவங்கள்."

எங்கள் ஊரில் செங்கல் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அவள் அதை அப்படியே ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மிசிஸ் ஹார்ப்பரிடமும் கேட்டுவிட்டாள், எப்போது பூசுவீர்கள் என்று. மிசிஸ் ஹார்ப்பர் கோயிலின் பூ, மெழுகு, திறப்புக்கொத்து எல்லாவற்றுக்கும் பொறுப்பான விதவை. அவருக்குச் சிரிப்பு வந்ததாம், ஆனால் சிரிக்கவில்லையாம்.

வேடிக்கை என்னவென்றால், கோயில் உண்மையாகவே முடியாத கோயில்தான். முடியாத இடத்தைத்தான் நேசம் கவனிக்கவில்லை. பாதி கட்டும்போது அந்தக் காலத்து வங்கிகள் முறிந்து ஊரே குப்புற விழுந்தது. பீடம் வரவேண்டிய பக்கத்தைத் தற்காலிகமாகப் பலகையால் அடைத்து, உள்பக்கம் நீலம் பூசி நட்சத்திரம் வரைந்துவிட்டார்கள். அந்தத் தற்காலிகம் எங்கள் காலம்வரை நீடித்தது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால், பலகை தொடங்கும் இடத்தில் ஒன்று விட்டு ஒரு செங்கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிறகு வந்து கட்டுகிறவன் கோத்துக் கட்டுவதற்காக. எங்கள் பக்கத்திலும் வீடு கட்டுகிறவர்கள் சுவரை அப்படி விடுவதுண்டு, மகளுக்குக் கலியாணம் பேசும்போது ஓர் அறை இழுக்கலாமே என்று. நேசம் அதைத் தொட்டுப் பார்த்து, "ஆரோ மகளுக்கு விட்டிருக்கினம்" என்றாள். அப்போது அவளுக்கு நான்கு மாதம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. நேசம் கோயிலுக்குள் செருப்போடு போகமாட்டாள். சிறுவயதில் ஊர்க் கோயிலில் பாயில் இருந்து கும்பிட்ட பழக்கம். மெல்பேர்ண் குளிரிலும் சப்பாத்தை வாசல் மண்டபத்தில் கழற்றி வைத்துவிட்டு, சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாகக் கோலம் போட்ட ஓட்டுத் தரையில் வெறுங்காலோடு நடப்பாள். யாரோ தானம் கொடுக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்த மிசிஸ் ஹார்ப்பர், அதைத் தூக்கிப் பழைய சாமான் விற்பனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். இவளும் வெட்கத்தில் கேட்காமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த சனிக்கிழமை விற்பனை மேசையில் தன் சப்பாத்தைத் தானே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

ஏழாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. உயிரில்லாமல் பிறந்தது, பெண் பிள்ளை. தாதி துணியில் சுற்றிக்கொண்டு போனாள். நேசம் முகம் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், வீட்டுக்குப் போய் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசியுங்கள் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த நாளில் எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். ஊரிலென்றால் புதைத்த இடமென்று வளவின் ஒரு மூலையாவது மிஞ்சியிருக்கும்.

நேசம் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு, "அவள் எங்கை இருக்கிறாளெண்டு தெரியாமல் நான் என்னெண்டு சாப்பிடுறது?" என்று கேட்பாள். பதில் இல்லாத கேள்விக்கு ஆம்பிளைகள் செய்வதையே நானும் செய்தேன், வேலைக்குப் போனேன்.

மிசிஸ் ஹார்ப்பர்தான் போதகரைக் கூட்டிவந்தார். உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, ஆனால் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றார் அந்த மனிதர். ஒரு வியாழக்கிழமை பகலில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கல் ஞானஸ்நானத் தொட்டியடியில் நாலு பேர் நின்றோம். பெயர் அமுதா. போதகர் அதை நேசத்திடம் பலமுறை சொல்லவைத்துப் பழகிக்கொண்டுதான் தொடங்கினார். நேசம் வெறுங்காலோடு நின்றாள். ஜெபம் தொடங்கும்போது மிசிஸ் ஹார்ப்பர் குனிந்து தன் சப்பாத்தின் வார்களை அவிழ்த்து, கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய காலுறையோடு அந்தக் குளிர்ந்த ஓட்டில் வந்து நின்றார். போதகர் பெயரைச் சொன்னபோதுதான் நேசம் முதன்முதலாக அழுதாள், நானும் அழுதேன்.

அதன் பிறகு அந்தத் தொட்டியடிதான் பிள்ளை இருக்கும் இடம் என்று நேசம் தீர்மானித்துக்கொண்டாள். அங்கே எதுவும் புதைக்கப்படவில்லை என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் போகும்போது, "பிள்ளையிட்டைப் போட்டு வாறன்" என்பாள். திரும்பி வந்து சாப்பிடுவாள்.

நல்லது நீடித்தால் அது எங்கள் சாதகம் இல்லையே. கோயிலுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கோடையில் களிமண் நிலம் வறண்டு சுருங்கச் சுவரில் வெடிப்பு ஓடியது. பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்த்துவிட்டு, நிலத்தை விற்று, கட்டிடத்தை இடிப்பதென்று மேலிடத்தில் முடிவானது. இடிப்பதற்கு முன் அளந்து படம் வரைந்து வைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. பக்கத்தில் இருக்கிறவன் நீதானே என்று முதலாளி அளவு நாடாவை என்னிடம் தந்தார். அந்தத் தெருவில் வேறென்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வருந்தினார், முடிவு நம் கையில் இல்லை என்றார். இல்லைத்தான்.

நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். நேசம் தானே வருவதாகச் சொன்னாள்.

"அளக்கிறது வைச்சிருக்கிறதுக்குத்தானே? இடிக்கிறதை ஏன் அளக்கினம்?"

"இப்பிடி ஒண்டு இருந்ததெண்டு காட்டத்தான்."

"ஆருக்குக் காட்ட?"

நான் நாடாவின் நுனியை அவளிடம் நீட்டினேன். கட்டிட வேலையெல்லாம் அப்போதுதான் அடியிலிருந்து மில்லிமீற்றருக்கு மாறிக்கொண்டிருந்தது. அடி அங்குலத்தில் நிமிர்ந்து நின்ற கோயிலை மில்லிமீற்றராக்கி எழுதினேன், ஓர் எண்ணும் முழுசாக வரவில்லை. யன்னல், முட்டு, வெண்ணிறப் பட்டை, நீட்டிக்கொண்டிருந்த செங்கற்கள் எல்லாம் முடிந்து கடைசியில் தொட்டியடிக்கு வந்தோம். தொட்டியின் நடுவிலிருந்து வாசல்வரை அளக்கவேண்டும். நேசம் குந்தியிருந்து நாடாவின் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்தாள். நான் வாசித்து எழுதிவிட்டேன். அவள் கையை எடுக்கவில்லை.

"நேசம், முடிஞ்சுது. எழும்பும்."

"இதையும் எடுத்துப்போட்டினமெண்டால் அவளுக்கு ஓரிடமும் இல்லையப்பா."

நானும் பக்கத்தில் குந்தினேன். இருட்டும்வரை அப்படியே இருந்தோம்.

இடிக்கும்போது நாங்கள் அந்தத் தெருவில் இல்லை. வேண்டுமென்றே வீடு மாறிப் போனோம். ஞானஸ்நானத் தொட்டியை நாட்டுப்புறத்துக் கோயில் ஒன்றுக்குக் கொடுத்ததாக மிசிஸ் ஹார்ப்பர் சொன்னார். எந்த ஊரென்று அவருக்கும் தெரியவில்லை, பிறகு அவரும் போய்விட்டார். எங்களுக்கு ஒரு மகளும் மகனும் பிறந்தார்கள். அவர்களிடம் அமுதாவைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. தங்காத பிள்ளையைப் பற்றித் தங்கிய பிள்ளைகளின் முன்னால் பேசுவது எங்கள் ஆட்களின் வழக்கம் இல்லை.

போன வருடம் நேசம் போனாள். ஈமச்சடங்குக்காரர் வீட்டுக்கு வந்து விபரம் கேட்டார். பிள்ளைகள் எத்தனை என்றபோது மகள் ஆங்கிலத்தில் "ரூ" என்றாள், இரண்டு என்று. நான் மூன்று என்றேன். வயதானவருக்குக் கணக்குத் தடுமாறுகிறது என்று நினைத்து என் கைமேல் கையை வைத்தாள். அவர் போன பிறகுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நரைக்கத் தொடங்கிய மகள் சின்னப் பிள்ளைபோல விம்மினாள். பிறகு கேட்டாள்.

"வேர் இஸ் ஷீ, அப்பா?"

தாய் கேட்ட அதே கேள்வி.

மறுநாள் என்னைக் காரில் அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். கோயில் நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள். வீதியை அகலமாக்கியிருந்தார்கள், வேலியும் பழைய இடத்தில் இல்லை, மூலையில் நின்ற மரமும் இல்லை. அந்தக் கட்டிடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். ஆனால் அளக்கத் தொடங்குவதற்கு ஒரு புள்ளி வேண்டுமே. தபால் பெட்டிகளுக்கும் வாகனம் போகும் பாதைக்கும் நடுவில் குத்துமதிப்பாகப் போய் நின்றேன்.

"இங்கையா, அப்பா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன்.